அலைச் சத்தத்துக்குள் மெட்டல் டிடெக்டரைக் கேட்பது

கடலூர் சில்வர் பீச்சில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மெட்டல் டிடெக்டர் போடுகிறவர் காதில் முதலில் விழுவது கடல். அதன்மேல் காற்று. அதற்கும் மேல் பஜ்ஜிக் கடை ஜெனரேட்டர், ராட்டினக்காரர் போடும் பாட்டு, பிள்ளைகள் கூச்சல். இத்தனைக்கும் அடியில் எங்கேயோ, ஒரு சாண் ஆழத்தில் கிடக்கும் மோதிரத்தின் சின்ன முனகல். அதைப் பிடிக்க எல்லாரும் செய்வது ஒன்றுதான்: வால்யூமை ஏற்றுவது. உண்மையில் அது கடைசியாகத் தொடவேண்டிய பொத்தான்.

இந்தக் கரையில் என்னென்ன தொலைகிறது என்று பார்த்தாலே முனகல் ஏன் முக்கியம் என்பது விளங்கிவிடும். மோதிரம் மூடிய வளையம். மிஷினின் அடியில் உள்ள காயில் (கம்பி சுற்றிய வட்டத் தட்டு) உண்டாக்கும் காந்தப்புலத்தில் மின்னோட்டம் அதற்குள் தங்குதடையில்லாமல் சுற்றும். ஒலியும் உருண்டையாக, சுத்தமாக வரும். தாலிக்கொடி அப்படியில்லை. கண்ணிக்குக் கண்ணி தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் மின்னோட்டம் ஒழுங்காகக் கடக்காது. மூன்று பவுன் கொடி ஒரே இடத்தில் குவிந்து கிடந்தாலும் டிடெக்டருக்கு அது மூன்று பவுன் கட்டி இல்லை, பொடிப்பொடி வளையங்களின் கூட்டம். பெரும்பாலும் அதில் கோத்த தாலியோ குண்டோ கொக்கியோதான் குரல் கொடுக்கும். மெட்டி வெள்ளிதான், ஆனால் வாய் திறந்த வளையம். அதே எடை மோதிரத்தைவிடக் குரல் இளைத்துத்தான் வரும். ஒற்றைத் தோடும் மூக்குத்தியும் பல மிஷின்களுக்கு இல்லாத மாதிரியே.

கத்துவதெல்லாம் குப்பை. பீர் பாட்டில் மூடி, ஆணி, வலையிலிருந்து கழன்ற ஈயக்குண்டு. ஈயக்குண்டு நல்ல நகை மாதிரியே அழகாக ஒலிக்கும், மீனவக் கிராமத்தை ஒட்டிய கரையில் இந்த ஏமாற்றத்துக்குத் தயாராக இருக்க வேண்டும். நம் நாணயங்களில் இன்னொரு சிக்கல். 1992-க்குப் பின் வந்த ஒரு ரூபாய் காந்தத்தில் ஒட்டும் துருப்பிடிக்காத எஃகு. சில மிஷின்கள் அதை இரும்பு என்றே சொல்லும், சிலவற்றில் பொருளின் வகையைக் காட்டும் திரை எண் தாவிக்கொண்டே இருக்கும். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு இரும்பு ஒலியை முழுக்க அணைத்து வைக்கிறவர்கள் பாதி சில்லறையைக் காலடியிலேயே விட்டுப் போகிறார்கள்.

வேண்டியது முனகுகிறது, வேண்டாதது கத்துகிறது. வால்யூமை ஏற்றினால் இரண்டும் சேர்ந்து ஏறும். அலை உடையும் ஓரத்தில் செல்போன் செயலி 75 டெசிபெல் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு டோன் சந்தேகமில்லாமல் தனியாக விழ, சுற்றுச் சத்தத்தைவிட 10 டெசிபெல் கூட இருந்தால் நிம்மதி. ஸ்பீக்கரில் கேட்கிறவருக்கு முனகலே 85-ல் வந்தாக வேண்டும். மேலாகக் கிடக்கும் பாட்டில் மூடி அதைவிட 15, 20 டெசிபெல் உரக்க வரும், 100-ஐத் தொட்டுத் தாண்டிவிடும். காதை மூடி 20 டெசிபெல் தடுக்கும் ஹெட்போனைப் போட்டால் கடல் உள்ளே 55 ஆகிறது. முனகலுக்கு 65 போதும். மூடி 85-ல் நின்றுவிடும். கேட்கும் திறன் ஒரு துளியும் குறையவில்லை, காதுக்குப் போகும் அடி மட்டும் குறைந்திருக்கிறது. அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு வேலைத்தலத்துக்கு வைத்திருக்கும் அளவு: 85 டெசிபெலில் 8 மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதி. 100-ல் 15 நிமிடம்தான். டிடெக்டர் விட்டுவிட்டுத்தான் ஒலிக்கிறது என்பதால் கணக்கு அத்தனை கொடூரமில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து படுத்தபின் காதில் ரீங்காரம் கேட்டால், அன்றைக்கு அளவு மீறிவிட்டது என்று பொருள்.

மற்ற ஊர்க் கடற்கரைகளுக்கும் நம் கரைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு, அதைப் பலர் யோசிப்பதில்லை. இங்கிலாந்துக் கரையில் வற்றும்போது கடல் பல நூறு மீட்டர் பின்வாங்கும். ஈர மணலில் நிற்கிறவருக்கு அலை தூரத்து இரைச்சல். கடலூர், புதுச்சேரியில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஒரு மீட்டருக்குள். ஈர மணல் என்பது அலைக்கு முன்னால் கிடக்கும் சரிவான பட்டை, அவ்வளவுதான். நகை சேருமிடமும் அதுவே, அலை முகத்தில் உடைந்து விழுவதும் அங்கேயே. சத்தத்தைவிட்டு விலகி நிற்க நமக்கு இடம் கிடையாது. நேரத்தைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். கோடையில் நண்பகலையொட்டிக் கடற்காற்று ஏறிவிடும். விடியலில் கரைக்காற்று மேற்கிலிருந்து லேசாக வீசும், அலைச் சத்தத்தைக் கொஞ்சம் கடல் பக்கம் தள்ளும். புதுச்சேரி பீச் ரோட்டில் மாலை 6 முதல் காலை 7.30 வரை வண்டி விடுவதில்லை என்பதால் அந்தப் பக்க மணல்திட்டுக்கும் விடியலே சரி.

ஹெட்போன் விஷயத்துக்கு வருவோம். காதை முழுக்கச் சுற்றி மூடும் வகைதான் இந்தக் கரைக்கு. காதின் மேல் உட்காரும் பஞ்சு வகை அலைச் சத்தத்தை அப்படியே உள்ளே விடும், காற்று அடித்தால் அதுவே ஊளையிடும். மூடிய கிண்ணத்திலும் ஒரு குறை: உயர்ந்த சுருதியை நன்றாகத் தடுக்கும், தாழ்ந்த உறுமலை அவ்வளவாகத் தடுக்காது. அலையின் பலமோ உறுமலில். தாழ்ந்த சத்தம் தனக்கு மேலே உள்ள சுருதிகளையும் அமுக்கிவிடும் என்பது காதின் இயல்பு, எனவே இது சின்ன விஷயமில்லை. இதற்கு மருந்து டோன் அமைப்பில் இருக்கிறது, பிறகு பார்ப்போம்.

கிண்ணம் தோலோடு ஒட்டினால்தான் தடுப்பு. மூக்குக்கண்ணாடியின் காது, ஓரத்தில் மாட்டிய முடி, வெயிலுக்குத் தலையில் கட்டிய துண்டு, இவற்றில் எது இடையில் வந்தாலும் சந்து விழும். துண்டை ஹெட்போனுக்கு மேலே கட்டுங்கள், அடியில் வேண்டாம். கண்ணாடிக் காது மெல்லிய கம்பியாக இருந்தால் சேதம் குறைவு. வியர்வைக்கு அஞ்சிப் பருத்தி உறை போடுகிறவர்கள் உண்டு. கொஞ்சம் தடுப்பு போகும், ஆனால் மே மாதத்தில் உறையில்லாமல் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்க முடியாது என்பதும் நிஜம். உப்பும் வியர்வையும் பட்டுப் பட்டு ரெக்சின் மெத்தை வெடித்துவிட்டால் மெத்தையை மட்டும் மாற்றினால் போதும்.

நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் அலை உறுமலை நன்றாகவே அடக்கும், அது அதற்கென்றே பிறந்த வேலை. ஆனால் வெளி மைக்கில் காற்று அடித்தால் அதுவே படபடக்கும். உள்ளே உள்ள சர்க்யூட் சில மிஷின்களைச் சலசலக்க வைப்பதும் உண்டு. வாங்குமுன் காயிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிடுவது நல்லது. கன்ன எலும்பு வழியாகக் கேட்கும் வகை திறந்த காதோடு சத்தமான கரையில் தோற்றுவிடும். அதையே காதில் பஞ்சு பிளக் செருகிக்கொண்டு போட்டால் நிலைமை மாறும்: வெளிச்சத்தம் அடைபடும், எலும்பு வழி வரும் தாழ்ந்த ஒலி முன்பைவிடக் கனமாகக் கேட்கும்.

போனுக்கு வாங்கிய புளூடூத் இயர்பட்ஸை டிடெக்டரோடு ஜோடி சேர்க்க ஆசைப்படாதவர் இல்லை. வேண்டாம் என்பதற்குக் காரணம் தாமதம். சாதாரண புளூடூத்தில் ஒலி 150 முதல் 250 மில்லி செகண்டு வரை பிந்தும். காயிலை செகண்டுக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வீசினால் 200 மில்லி செகண்டு என்பது 20 செ.மீ. காதில் ஒலி விழும்போது 28 செ.மீ. அகலமுள்ள காயில் முழுசாகப் பொருளைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருக்கும். திரும்பி வரும் வீச்சில் பிழை எதிர்ப்பக்கம். இரண்டு இடத்துக்கும் நடுவே 40 செ.மீ., எங்கே தோண்டுவது?

உங்கள் ஜோடியில் தாமதம் எவ்வளவு என்று வீட்டு வாசலிலேயே அளந்துவிடலாம். தரையில் இரும்புக் கம்பி இல்லாத இடமாகப் பாருங்கள், மொட்டை மாடி உதவாது. மண்ணில் ஒரு 5 ரூபாயை வைத்து, அதன் இரு பக்கமும் 50 செ.மீ. அளந்து கோடு போடுங்கள். கோட்டுக்குக் கோடு ஒரு செகண்டில் போகும்படி காயிலைச் சீராக வீசுங்கள். இடமிருந்து வலம் போகும்போது ஒலி கேட்ட கணத்தில் காயிலின் நடு எங்கே இருந்தது என்று ஒருவர் குச்சியால் குறிக்கட்டும். வலமிருந்து இடமும் அப்படியே. இரண்டு குறிக்கும் இடையே 30 செ.மீ. இருந்தால் பாதி 15 செ.மீ., அதாவது 150 மில்லி செகண்டு. கம்பி ஹெட்போனில் இரண்டு குறியும் கிட்டத்தட்ட ஒன்றின்மேல் ஒன்று விழும். ஆப்டெக்ஸ் லோ லேட்டன்சி என்ற, தாமதம் குறைந்த புளூடூத் வகை உள்ள ஜோடியில் தாமதம் 40 மில்லி செகண்டு அளவுதான், அதாவது 4 செ.மீ.; கை பழகிவிடும். டிடெக்டர் கம்பெனிகள் தங்கள் மிஷினுக்கென்றே தரும் வயர்லெஸ் இதைவிடவும் வேகம். ஒன்று நினைவிருக்கட்டும்: ரேடியோ அலை உப்புத் தண்ணீரைத் தாண்டாது. இடுப்பளவு தண்ணீரில் கன்ட்ரோல் பெட்டி முழுகினால் எந்த வயர்லெஸ்ஸும் அறுந்துபோகும். அங்கே நீர்புகாத கம்பி ஹெட்போன்தான் வழி. மிஷின் 3 மீட்டர் தாங்கும் என்று எழுதியிருப்பது ஹெட்போனுக்குப் பொருந்தாது. கூடவே, நீர்புகா வகையில் உள்ள பீசோ தகடு சுருக்கென்று குத்தும் சுருதியில் கத்தும், பலவற்றில் வால்யூம் திருகும் கிடையாது. கிண்ணத்தைக் காதுக்குச் சற்றுப் பின்னால் தள்ளி வைத்துக் கேட்பது பழக்கமானவர்கள் செய்யும் வேலை.

கம்பி ஹெட்போன் வாங்கும்போது மிஷினில் செருகும் பின்னைப் பாருங்கள். கேரட் ஏஸ் 250 போன்ற மிஷின்களில் 6.3 மி.மீ. தடிப் பின், ஈக்வினாக்ஸில் 3.5 மி.மீ., கேரட் ஏடி ப்ரோவில் தனக்கென ஒரு இரண்டு முனை இணைப்பு. மோனோ ஜாக்கில் ஸ்டீரியோ ஹெட்போனைச் செருகினால் ஒரு காதில் மட்டும் கேட்கும். சின்ன அடாப்டர் ஒன்று தீர்த்துவிடும். ஹெட்போனின் மின்தடை, அதாவது ஓம் அளவு, 16 முதல் 32-க்குள் இருந்தால் பெரும்பாலான மிஷின்களோடு ஒத்துப்போகும். ஸ்டூடியோவுக்கான 150, 250 ஓம் ஹெட்போன் எவ்வளவு விலையானாலும் இங்கே ஈனசுரத்தில்தான் பேசும். ஏஸ் 250-ல் வால்யூம் திருகே இல்லை, ஆகவே ஹெட்போன் கம்பியில் திருகு இருக்க வேண்டியது கட்டாயம்.

அமைப்புகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வால்யூமைப் பாதிக்குக் கீழே வைத்து, மிஷினைப் போடுங்கள். காயிலை முழங்கால் உயரத்தில் அசைக்காமல் பிடித்து நாய்ஸ் கேன்சலை ஓட்டவும். இது ஹெட்போனில் உள்ள நாய்ஸ் கேன்சலிங் இல்லை, மின்காந்தக் குறுக்கீடு குறைந்த சேனலை மிஷின் தேடுவது. பிறகு பீச் மோடில், நீங்கள் தேடப்போகும் அதே ஈரத்தில் காயிலை மேலும் கீழும் ஆட்டி கிரவுண்டு பேலன்ஸ், அதாவது மணலே தரும் சிக்னலை மிஷின் ஒதுக்கும்படி செய்வது. காய்ந்த மணலில் செய்துவிட்டு ஈரத்தில் இறங்கினால் உப்பு பேச ஆரம்பித்துவிடும்.

அடுத்து திரெஷோல்டு, அந்த ஓயாத மெல்லிய ரீங்காரம். அமைதியான இடத்தில் அதைக் கேட்டும் கேட்காத எல்லையில் வைக்கச் சொல்வார்கள். அலையோரத்தில் அந்த எல்லை காணாமல் போய்விடும். அலை உடையும் கணத்திலும் கேட்கும் அளவுக்குக் கொஞ்சம் ஏற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம். திரெஷோல்டு கனத்துவிட்டால் அதன் மேலே முனகல் எழும்புவது தெரியாது. பிறகு சுருதி. அலை தாழ்ந்த சுருதியில் உறுமுகிறது, எனவே நகை விழும் நடு டோனை உறுமலுக்கு மேலே தூக்கி வைப்பதுதான் முன்னே சொன்ன மருந்து. வயது ஏறி உயர்ந்த சுருதி மங்கிய காதென்றால் அதிகம் ஏற்றக்கூடாது, நடுவில் நிறுத்திக்கொள்ள வேண்டும். டோன்களின் எண்ணிக்கையையும் குறைத்துவிடலாம். ஐம்பது டோன் அமைதியான வயலுக்கு. இரைச்சலில் மூளைக்கு இரண்டு மூன்றுதான் பிரியும். இரும்பு டோனின் வால்யூமைத் தாழ்த்துங்கள், பூஜ்யமாக்காதீர்கள்.

கடைசியில்தான் உரத்ததையும் மெல்லியதையும் பக்கத்தில் கொண்டுவரும் வேலை. எக்ஸ்பி டியூஸ் மிஷினில் ஆடியோ ரெஸ்பான்ஸ் என்று 0 முதல் 7 வரை இருக்கும். ஏற்ற ஏற்ற மெல்லிய சிக்னல்கள் பருக்கும், உரத்தவை அவ்வளவு மாறாது. சத்தத்தில் இது வரப்பிரசாதம். விலை என்னவென்றால் ஆழம் தெரியாமல் போவது: 5 செ.மீ.யில் உள்ளதும் 20 செ.மீ.யில் உள்ளதும் ஒரே குரலில் பேசும். தேடும்போது ஏற்றி வைத்து, தோண்டுமுன் பின்பாயின்ட் என்ற இடங்குறிக்கும் மோடில் ஆழத்தைப் பார்த்துக்கொள்ளலாம். இந்த வசதியில்லாத மிஷினுக்கு லிமிட்டர் உள்ள ஹெட்போன். வால்யூம் திருகு எல்லாவற்றையும் சேர்த்து இறக்கும், லிமிட்டர் உரத்த ஒலியின் உச்சந்தலையை மட்டும் வெட்டும். கடையில் இரண்டையும் ஒன்றென்று சொல்லி விற்பார்கள், ஏமாறாதீர்கள்.

சரிபார்க்க ஒரு மோதிரமும் ஒரு பாட்டில் மூடியும் போதும். மோதிரத்தை நூலில் கட்டி 15 செ.மீ. ஆழத்தில் புதைத்து, நூல் முனை வெளியே தெரியட்டும். நூல் இல்லாமல் புதைத்தால் தேடுவதற்கு இன்னொன்று கூடிவிடும். அலை உடையும்போதும் முனகல் கேட்கும் வரை வால்யூமை ஏற்றுங்கள். பிறகு மூடியை மணல் மேல் போட்டு, காயிலை அதன்மேல் ஓட்டுங்கள். முகம் சுளித்தால் லிமிட்டரையோ ரெஸ்பான்ஸையோ திருத்த வேண்டும். வால்யூமை இறக்கினால் மோதிரம் போய்விடும்.

ஹெட்போனுக்குள்ளேயே சலசலப்பு வந்தால் அது வேறு கதை. காயிலைக் காற்றில் தூக்கி அசையாமல் பிடியுங்கள். நின்றுவிட்டால் உப்போ கருமணலோ: கிரவுண்டு பேலன்ஸை மறுபடி செய்ய வேண்டும். நிற்காவிட்டால் மின்காந்தம்: சட்டைப்பையில் உள்ள போன், ஜெனரேட்டர், ஹைமாஸ்ட் விளக்கு, பக்கத்தில் இன்னொரு டிடெக்டர். போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், நண்பரைவிட்டு 15 மீட்டர் விலகுங்கள், அப்படியும் இருந்தால் சென்சிடிவிட்டியை இரண்டு படி இறக்குங்கள். சலசலப்புக்குப் பயந்து வால்யூமை இறக்குவது, நோயை விட்டுவிட்டு நோயாளியை அமுக்குவது. மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்திலும் வைத்திக்குப்பத்திலும் தீர்த்தவாரி நடக்கும்போது தவில், ஒலிபெருக்கி, ஜெனரேட்டர் மூன்றும் சேர்ந்து நிற்கும். அந்தக் கூட்டத்தில் மிஷினை எடுப்பது வீண், கூட்டத்துக்கும் இடைஞ்சல். மறுநாள் விடியல் போதும், தொலைந்தது எங்கும் போயிருக்காது.

அலைக்கு ஒரு தாளம் உண்டு, அதை யாரும் எந்த மிஷினிலும் செட் பண்ணித் தர முடியாது. அலை உடைந்து விழும் இரண்டு மூன்று செகண்டு காது செவிடு. தண்ணீர் பின்வாங்கி அடுத்தது எழும்வரை ஒரு இடைவெளி. உடையும்போது காயிலை நிறுத்துங்கள், இடைவெளியில் வீசுங்கள். சந்தேகம் தட்டிய இடத்தில் அடுத்த இடைவெளியில் குறுக்காக இன்னொரு வீச்சு. இப்படிப் போனால் வேகம் பாதியாகும், தவறவிடுவது அதைவிடக் குறையும்.

காதை முழுக்க மூடியவர் பின்னால் வருவதை அறியமாட்டார். ஃபைபர் படகு கரையேறும் இடத்திலும், பெரிய அலை அடிக்கும் ஐப்பசி, கார்த்திகையிலும் கண்ணால்தான் காதின் வேலையைச் செய்ய வேண்டும். நாலு வீச்சுக்கு ஒருமுறை கடலைத் திரும்பிப் பாருங்கள். ஒரு கிண்ணத்தை மட்டும் கழற்றி வைப்பது சரியான பாதுகாப்பு மாதிரித் தோன்றும். திறந்த காதில் கடல் நுழைந்ததும் கை தானாக வால்யூமை ஏற்றும், மூடிய காது அடி வாங்கும்.

எங்கே போடக்கூடாது என்பதும் இந்த ஊர்க்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அரிக்கமேடு 1945-ல் ஆங்கிலேய அகழாய்வாளர் வீலர் தோண்டியதிலிருந்து உலகறிந்த இடம், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அங்கே மிஷினோடு நடப்பதே வம்பு. செயின்ட் டேவிட் கோட்டை இடிபாட்டுப் பக்கமும் வேண்டாம். மண்ணில் புதைந்த பழம்பொருள் 10 ரூபாய் மதிப்புக்கு மேல் இருந்தால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், இன்றும் நடப்பில் உள்ளது. நேற்றுத் தொலைந்த மோதிரம் புதையல் இல்லை. அதற்கு உரிமைக்காரர் இருக்கிறார், போலீஸ் ஸ்டேஷனும் இருக்கிறது.

வீடு திரும்பியதும் கம்பிக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முழு நீளமும் துடைத்து, பின்னை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தேய்த்தால் பச்சைக் களிம்பு ஏறாது. கம்பி அறுவது பெரும்பாலும் பின்னின் கழுத்தில், ஆகவே மாட்டும்போதே ஜாக் பக்கம் ஒரு சின்ன வளையம் விட்டு, தண்டில் வெல்க்ரோவால் கட்டிவிட வேண்டும். அறுந்துகொண்டிருக்கும் கம்பி மணலில் நிற்கும்போது அச்சு அசலாக நகை மாதிரி முனகும். அடுத்தமுறை கிளம்புமுன் மிஷினைப் போட்டு, காயிலைச் சுவரில் சாய்த்துவிட்டு, கம்பியை மட்டும் கழுத்திலிருந்து கிண்ணம்வரை விரலால் நெளித்துப் பாருங்கள். காயில் அசையாமலே முனகல் வந்தால் பற்றவைப்புக் கோலை எடுங்கள்.